வெட்டிய தலையில் என்ன அழகு? ஒரு வாசகியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். போன மாதம் ராயபுரத்தில் நம் வாசகர் கூட்டத்தில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் பற்றிப் பேசினோம் இல்லையா, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அப்படியே படிக்கிறேன். “அண்ணா, ஆளாளுக்கு ‘என்ன அழகான நடை’ என்றே சொல்கிறீர்கள். எனக்கு முப்பது பக்கம் தாண்டவில்லை. வெட்டிய தலையில் என்ன அழகு? புரியாத சொற்கள் வேறு. இதில் எது நடந்தது, எது கதை?”

கேள்வியில் கொஞ்சம் கோபம் இருக்கிறது. பரவாயில்லை, நியாயமான கோபம்தான்.

சுலபமானதை முதலில் முடித்துவிடுவோம். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938-ல், 18 வயதில் இந்தோனேசியாவின் மெடான் நகரத்துக்குக் கடை வேலைக்குப் போனவர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த மாதமே ஜப்பான்காரன் மெடானுக்குள் வந்துவிட்டான். நாவல் தொடங்குவதே அந்த நுழைவில்தான். 1943-ல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றதும், கடைப் பையன்களும் தோட்டத் தொழிலாளர்களும் அதில் போய்ச் சேர்ந்ததும் நடந்தவை. நாவலின் நாயகன் பாண்டியன் கதாபாத்திரம். அவன் பேசுவதும் செய்வதும் கதை. ஆனால் அவன் நடக்கிற தெருவில் எழுதியவரும் நடந்திருக்கிறார். 1946-ல் ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். புத்தகமாக வந்தது 1972-ல்தான். அவர் எழுதியது மொத்தமே இரண்டு நாவல்கள்.

அப்புறம், புரியாத சொற்கள். நீங்கள் மலாய்ச் சொல் என்று நினைத்து நின்ற இடங்களில் பாதி நம் ஊர்ச் சொல்லாகவே இருக்கும். நாவலில் வரும் வட்டிக்கடை உலகத்தில் கிட்டங்கி என்றால் பல கடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தொழில் நடத்தும் நீளமான கட்டடம். பெட்டியடி என்றால் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் உட்காரும் இடம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக ஆட்கள். மண்ணடிப் பக்கம் பழைய ஆட்களிடம் கேட்டால் இதில் சிலதையாவது சொல்வார்கள். மலாய்ச் சொல்லும் டச்சுத் தெருப் பெயரும் வந்தால் விட்டுவிட்டுப் போங்கள், குடி முழுகிவிடாது. நாம் கெட்டிக்காரப் பையனைப் பார்த்து “சரியான எம்டன்டா இவன்” என்கிறோம். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு நம் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல். உயர்நீதிமன்ற மதிலில் கல்வெட்டு இருக்கிறது. அதைப் படித்துவிட்டா அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டோம்? வாயில் பழகிய பிறகு எப்போதோ தெரிந்துகொண்டோம். நாவலில் வரும் சொற்களையும் அப்படியே பழகிக்கொள்ளலாம்.

இப்போது அழகு. நம் கூட்டத்தில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் அதிகமாகவே செலவு செய்துவிட்டோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடியோவில் வராத இரண்டு விஷயங்கள் அன்றைக்கு நடந்தன.

ஒன்று, மலாக்கா நீரிணையில் தொங்கான் புயலில் மாட்டும் அத்தியாயத்தை நான் சத்தமாகப் படித்தேன். தொங்கான் என்றால் சரக்கு ஏற்றும் பெரிய மரக்கலம். காசிமேட்டில் முப்பது வருடம் படகு ஓட்டிய ஒரு பெரியவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது, பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தவர். நான் படிக்கப் படிக்க அவர் இரண்டு கையாலும் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கங்களில் சிங்காரம் வினைக்கு மேல் வினையாக அடுக்கிக்கொண்டே போவார். படிக்கிறவருக்கு மூச்சு விட இடம் கிடைக்காது. முடித்ததும் பெரியவர் சொன்னது இதுதான்: “கடல்ல மாட்டிக்கினா முழுசா ஒரு பேச்சு பேச வராதுப்பா. இவருக்கும் வரல பாரு.” நடையைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசியதைவிட இது மேல்.

இரண்டாவது, நீங்கள் கேட்ட அந்தத் தலைகள். மெடானில் கொள்ளையடித்தவர்களின் தலையை ஜப்பான்காரர்கள் வெட்டி, எல்லாரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்திருக்கிறார்கள். சிங்காரம் அது எப்படி இருந்தது என்று சொல்கிறார். நீ இதைப் பார்த்து என்ன நினைக்க வேண்டும் என்று சொல்வதில்லை. தலைகளுக்குப் பக்கத்திலேயே ஊரும் இருக்கிறது, ஆட்களும் வேடிக்கை பார்க்கிறார்கள். எனக்கும் முதல் தடவை படித்தபோது இவருக்கு மனசே இல்லையா என்றுதான் தோன்றியது.

அப்போது வியாசர்பாடி அக்கா ஒருவர் எழுந்து பேசினார். பர்மா குடும்பம். பர்மா பஜார் என்றதும் நாம் 60-களில் கப்பலேறி வந்தவர்களை மட்டும் நினைக்கிறோம். அதற்கும் முன்னால், 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியில் நடந்தே வந்தார்கள், வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். அக்காவின் அம்மா அந்த நடையில் வந்த சிறுமி. சாகும் வரைக்கும் அரிசிப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பாராம். ஏன் என்று கேட்டால், “தம்பி பாதியிலயே நின்னுட்டான்” என்று மட்டும் சொல்வாராம். நின்றுவிட்டான் என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குப் புரியவே பல வருடம் ஆயிற்று. “இந்தப் புக்கு எங்கம்மா மாதிரியே பேசுது,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அழகு என்று சொன்னது அதைத்தான், தங்கச்சி. தலையில் அழகு ஏது? குரலை உயர்த்தாமல் சொல்கிறாரே, அதுதான். நாலு சொட்டுக் கண்ணீரைச் சேர்த்திருந்தால் உங்களுக்கு முப்பது பக்கம் சுலபமாக ஓடியிருக்கும், ஆனால் அந்த அக்கா எழுந்து பேசியிருக்க மாட்டார்.

அதற்காக எல்லாமே பிரமாதம் என்று சாதிக்க மாட்டேன். மதுக்கடையில் உட்கார்ந்து தமிழன் பெருமையைக் கிண்டல் செய்யும் பேச்சுகள் சில இடங்களில் நீண்டுகொண்டே போகின்றன. பழைய இலக்கியம் தெரிந்தவருக்குச் சிரிப்பு வரும், மற்றவர் பக்கத்தைப் புரட்டுவார். பெண்கள் அநேகமாக ஆண்கள் போய்த் திரும்பும் இடங்களாகவே வந்து போகிறார்கள். இதை எங்கள் கூட்டத்தில் நாலு பெண்கள் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். முப்பதாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நேராகப் புயல் அத்தியாயத்தை எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் வேலைக்கு ஆகாது. அது பிடித்தால் திரும்ப முதலிலிருந்து வரலாம். இல்லையென்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து நேரிலேயே என்னைத் திட்டலாம். வியாசர்பாடி அக்காவும் வருகிறார், எல்லாருக்கும் பர்மா நூடுல்ஸ், அதுதான் அத்தோ, கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.