வயிற்றைக் காட்டச் சொல்லுங்கோ! ஒன்லைனிலை சீன மண் ரீபொட் வாங்குற ஆக்களுக்கு

[திரையில்: மூடி திறந்த ரீபொட். டோர்ச் வெளிச்சம் உள்ளுக்கு இறங்குது.]

வணக்கம் உறவுகளே. விற்கிறவர் பத்துப் படம் போட்டிருப்பார். மூங்கில் தட்டிலை வைச்சு ஒண்டு, அடியிலை குத்தின முத்திரை ஒண்டு, சிவப்பு மட்டை போட்ட சான்றிதழ் ஒண்டு. மூடியைத் திறந்து வயிற்றுக்குள்ளை எடுத்த படம் மட்டும் இராது. காசு கட்ட முன்னம் நீங்கள் பாக்க வேண்டிய படம் அதுதான்.

வரலாறு ஒரே மூச்சிலை: சீனாவிலை சியாங்சு மாகாணம், யீசிங் எண்ட ஊர். அங்கத்தை மண்ணுக்கு ஸிஷா எண்டு பேர், ஊதா மணல் எண்டு அர்த்தம். மிங் அரச வம்சக் காலத்திலையிருந்து ரீபொட் செய்யினம். மினுக்கம் பூசாமல் 1100, 1200 பாகை செல்சியஸ் அளவிலை சுடுவினம். அவ்வளவு போதும், வயிற்றுக்கு வருவம்.

[திரையில்: உள்பக்கம், கைபிடிக்கு நேரே மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கோடு.]

இந்தக் கோட்டை வடிவாப் பாருங்கோ. யீசிங் மண்ணிலை மணல் தன்மை கூட. எங்கட சட்டி பானை மண்போலச் சக்கரத்திலை இழுத்து உயர்த்த வசதிப்படாது. அதாலை மண்ணை மரச்சுத்தியலாலை தட்டித் தகடாக்கி, நீளப் பட்டியா வெட்டி, வளையமாச் சுத்தி, ரெண்டு முனையையும் ஒட்டுவினம். பிறகு ஒரு கை விரல் உள்ளுக்கு, மற்றக் கையிலை மரத் துடுப்பு. வெளியிலை தட்டத் தட்ட வளையம் மெல்ல உள்ளுக்குச் சாய்ஞ்சு உருண்டு வரும். எங்கட பக்கக் குயவர் குடத்தின்ர அடியைக் கல்லும் பலகையும் வைச்சுத் தட்டி மூடுறதைப் பாத்திருப்பியள். அதே தட்டல்தான்! அவர் சக்கரத்திலை தொடங்கித் தட்டி முடிக்கிறார், யீசிங்காரர் தட்டியே தொடங்குறார். எத்தினை தரம் பாத்தாலும் எனக்கு அலுக்காது.

முனை ரெண்டும் ஒட்டின இடம்தான் இந்தக் கோடு. வெளியிலை தெரியாமல் இருக்கக் கைபிடிப் பக்கமா வைப்பினம். வெளியிலை தேய்ச்சு அழிச்சாலும் அனேகமா உள்ளுக்குச் சின்னத் தடமாவது மிஞ்சும்.

இப்ப மற்றப் பொட்டைப் பாருங்கோ. உள்பக்கம் முழுக்க ஒரே வழுவழுப்பு, கோடு இல்லை. குழாய் உடம்போடை சேருற இடத்திலையும் ஒட்டின அடையாளம் இல்லை, உடம்பே நீண்டு குழாயானமாதிரி. வெளியிலை குழாயின்ர முதுகிலையோ கைபிடியிலையோ மெல்லிய அச்சுத் தழும்பு இருக்கும். இது மண்ணைத் தண்ணியாக் கரைச்சு, பிளாஸ்டர் அச்சிலை ஊத்தி எடுத்தது. மண் லேசா ஓட சோடியம் சிலிக்கேட் கலப்பினம். ஸிஷாவின்ர மணல் திட்டும் துளையும் இதிலை இராது. 10 டொலருக்கு வந்தால் ஒரு சாமானா வைச்சுக் குடிக்கலாம். 60 டொலருக்கு 'கைவேலை' எண்டு வந்தால் ஏமாத்து.

மூண்டாவது, உள்ளுக்கு வட்ட வட்டமா விரல் தடம். சக்கரத்திலை இழுத்தது. யீசிங் எண்டு சொல்லி வித்தால் விட்டுட்டுப் போங்கோ. ஆனால் குவாங்தொங் மாகாணத்துச் சாவோசோ சிவப்பு மண் எண்டு வித்தால் அந்த வட்டம்தான் சரியான அடையாளம், அங்கை சக்கர வேலைதான் மரபு. ஒரே தடம் ஒரு ஊருக்குக் குற்றம், மற்ற ஊருக்குச் சாட்சி.

ஒரு விசயத்தை ஒளிக்க விரும்பேல்லை. பட்டியை அச்சுக்குள்ளை வைச்சு அமத்திச் செய்யிற அரைக் கைவேலையிலும் இந்தக் கோடு இருக்கும். முழுக் கைவேலையையும் அதையும் படத்திலை பிரிச்சுச் சொல்லுறது கஷ்டம். அதாலை, முதல் பொட்டுக்கு நல்ல அரைக் கைவேலையே வாங்குங்கோ. 'முழுக் கைவேலை' எண்ட சொல்லுக்காக ரெட்டிப்புக் காசு குடுக்காதேங்கோ.

முத்திரை, சான்றிதழ் ரெண்டையும் கணக்கிலை எடுக்க வேண்டாம். கு ஜிங்சோ (1915–1996) பெரிய கலைஞர், அவரின்ர பொட் ஏலத்திலை கோடிக்கணக்கிலை போகுது. அதே பேர் குத்தின பொட் 40 டொலருக்கும் கிடைக்கும்.

நிறம்: பளீர் பச்சை, நீலம், கரிக் கறுப்பு எண்டால் குரோமியம், கோபால்ட், மங்கனீஸ் ஒட்சைட்டுகள் கலந்திருக்க வாய்ப்புக் கூட. இயற்கை நிறம் மங்கல்: ஊதாப் பழுப்பு, செங்கல் சிவப்பு, மணல் மஞ்சள்.

[திரையில்: விற்கிறவருக்கு அனுப்புற செய்தி.]

'படத்திலை இருக்கிற அதே பொட்டைத்தான் அனுப்புவியளோ? உள்படம், விளிம்புவரை அளந்த மில்லி, ஊத்திற வீடியோ தாருங்கோ.' இவ்வளவும் கேளுங்கோ. நல்ல விற்பனையாளர் ஒரு நாளிலை அனுப்புவார், மழுப்புறவரை விட்டுடுங்கோ. வீடியோவிலை செக்கனை எண்ணுங்கோ. 120 மில்லி பொட் 10, 12 செக்கனிலை காலியாக வேணும். 20 தாண்டினால் கடைசிச் சொட்டு வரமுன்னம் இலை ஊறிக் கசந்திடும். மூடியின்ர ஓட்டையை விரலாலை பொத்தினால் ஓட்டம் நிண்டால் மூடி நல்லாப் பொருந்துது. கொஞ்சம் கசிஞ்சாலும் தேத்தண்ணி கெடாது, அதைப் பெரிய குறையா நான் எடுக்கமாட்டன்.

மில்லியைக் கட்டாயம் பாருங்கோ. படத்திலை குடம்மாதிரித் தெரியிறது வீட்டுக்கு வரேக்கை எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம்தான் பெருசா இருக்கும். 120 மில்லி எண்டால் எங்கட கோப்பையிலை பாதிக்குச் சற்று மேலை. நாலு பேர் வீட்டுக்கு 350, 400 எடுங்கோ.

இனி யாழ்ப்பாணத்து விசயம், இதை ஒருத்தரும் சொல்லித் தரமாட்டினம். எங்கட கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை. கேத்தல் அடியிலை வெள்ளையாப் பொருக்குப் பிடிக்குதெல்லோ, அதே பொருக்குப் பொட்டிலையும் வரும். கறுத்த ஊதா மண்ணிலை ரெண்டு கிழமையிலை குழாய் நுனியிலையும் மூடி விளிம்பிலையும் வெள்ளைக் கோடு விழும். உடனை 'போலி மண், உப்புப் பூக்குது' எண்டு விற்கிறவரோடை சண்டைக்குப் போகாதேங்கோ. முதல்லை கேத்தலைத் திறந்து பாருங்கோ. வடிகட்டின குடிதண்ணி, இல்லாட்டில் சுத்தமாப் பிடிச்ச மழைத்தண்ணி பாவியுங்கோ, தேயிலை ருசியும் மாறும். படிஞ்சிருந்தால் சிற்றிக் அசிட் ஒரு சிட்டிகையைச் சுடுதண்ணியிலை கரைச்சு ஊறவிட்டுக் கழுவுங்கோ. வினாகிரியும் சவர்க்காரமும் வேண்டாம், மணம் மண்ணிலை ஏறி நிண்டிடும்.

பால் ஊத்தவே வேண்டாம், துளைக்குள்ளை புளிச்சுப்போகும். டஸ்ற் தேயிலை வடிகட்டி ஓட்டையை அடைக்கும், முழு இலையா ஓபி (ஒரேஞ்ச் பீக்கோ) தரம் வாங்குங்கோ. 

பார்சல் வந்தால் பெட்டி வெட்டிறதிலையிருந்து வீடியோ எடுங்கோ. மூடி தனியாச் சுத்தி வந்திருக்கோ பாருங்கோ, உடையிறது அனேகமா மூடியும் குழாய் நுனியும்தான். பிறகு சட்டியிலை துணி விரிச்சு, பச்சைத்தண்ணியிலை பொட்டையும் மூடியையும் வைச்சு, மெல்லச் சூடேத்தி அரை மணித்தியாலம் விடுங்கோ. தண்ணி நிறம் மாறினால், மெழுகு மணமோ சப்பாத்துப் பொலிஷ் மணமோ அடிச்சால், அதையும் வீடியோவிலை பிடிச்சுக் காசைத் திருப்பிக் கேளுங்கோ.

நீங்கள் பாத்து வைச்சிருக்கிற பொட்டின்ர உள்படம் கிடைச்சால் கீழை கருத்திலை போடுங்கோ. கோடு இருக்கோ இல்லையோ, சேர்ந்து பாப்பம்.