ஜேசிபி மனைக்கு வரும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டப் போகிறவர்கள் கம்பி விலை கேட்பார்கள், சிமென்ட் விலை கேட்பார்கள். மண் வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. "ஜேசிபி வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் சார்" என்பார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கட்டட வேலை பார்க்கும் பொறியாளர் என்ற முறையில் சொல்கிறேன்: மழைத் தண்ணீர் உங்கள் வீட்டைச் சுற்றிப் போகுமா, வீட்டுக்குள் வருமா என்பது அந்த ஒரு நாளில் முடிவாகிவிடுகிறது. அதனால் வண்டிக்காரரிடம் மணிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இந்த இடத்தில் பாறை எத்தனை அடியில் இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேளுங்கள். உள்ளூர்க்காரராக இருந்தால் அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்குத்தான் உள்ளூர் ஒப்பந்ததாரரைத் தேடச் சொல்கிறேன்.

பாறையை முதலில் பார்ப்போம். பர்கூர் பக்கம் கருங்கல் எவ்வளவு மேலாகக் கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். மேலே செம்மண், அதன் கீழே சரளை, அப்புறம் உதிரும் சுக்காம்பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. சில மனைகளில் மூன்றடியிலேயே பக்கெட் பல் கல்லில் உரசும். அப்போதுதான் "பாறை உடைக்கும் பிரேக்கர் வேண்டும், அதற்கு வாடகை வேறு" என்ற பேச்சு வரும். பாதிக் குழியில் நின்றுகொண்டு பேரம் பேச முடியாது. ஆகவே பிரேக்கர் வாடகையையும் முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பாறையின் ஆழத்தை அறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. பக்கத்து வீட்டில் போர் போட்டபோது, மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது என்று விசாரியுங்கள். கெட்டிப் பாறை தட்டும் வரைதான் கேசிங் இறக்குவார்கள். மனையின் இரண்டு மூலைகளில் சோதனைக் குழி போட்டுப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. வீடுகளுக்கு நடுவே வெடி வைக்கலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உரிமம் இல்லாமல் வெடிமருந்தைத் தொடுவதே குற்றம்.

அடுத்தது அளவு. மண் வேலையில் தகராறு பெரும்பாலும் இங்கேதான் கிளம்புகிறது. நம் பக்கம் 100 கன அடியை ஒரு யூனிட் என்கிறோம். ஐந்தடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி ஆழம் என்று ஒரு குழி எடுத்தால் 125 கன அடி. அப்படிப் பன்னிரண்டு குழி என்றால் 1500 கன அடி, அதாவது 15 யூனிட். ஆனால் தோண்டிய மண் உதிர்ந்து பெருகும். கால் பங்கு கூடினால் டிப்பரில் ஏறும்போது அதே மண் 18 யூனிட்டைத் தாண்டிவிடும். இதில் யாரும் ஏமாற்றவில்லை, மண்ணின் இயல்பு அது. குழி அளவுக்குக் கூலியா, வண்டி அளவுக்குக் கூலியா என்று முன்பே பேசாவிட்டால்தான் சண்டை. மணிக் கணக்கில் பேசியிருந்தால், வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் வண்டிக்குள் இருக்கும் மணி மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டிப்பர் வரும் வரை ஜேசிபி இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றால் மீட்டரும் ஓடும். வண்டி வந்து போகும் வாடகை, ஆபரேட்டர் பேட்டா, குறைந்தது எத்தனை மணி என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தெரிந்தவர்தானே என்று விட்டுவிட வேண்டாம். தெரிந்தவரோடு மனக்கசப்பு வராமல் இருக்கவே அந்தத் தாள்.

இனி தண்ணீர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டிய மழையில் பாதிக்கு மேல் அது. அப்படி ஒரு நாளை மனதில் வைத்துத்தான் தரையை மட்டப்படுத்த வேண்டும். மட்டப்படுத்துவது என்றால் பலகை போல் சமமாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டைச் சுற்றித் தரைக்கு வாட்டம் வேண்டும். சுவரிலிருந்து பத்தடி தூரத்துக்குள் அரையடி இறக்கம் இருந்தால் தண்ணீர் அஸ்திவாரத்தில் தேங்காது. சாலை மட்டத்தையும் பாருங்கள். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது. அதற்காக மனையை இஷ்டத்துக்கு உயர்த்தி, தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடவும் கூடாது. மனை ஓரத்தில் பழைய ஏரி வாய்க்கால் இருந்தால் அது வறண்டு கிடந்தாலும் மூடாதீர்கள்.

மண் கொட்டி உயர்த்துபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்து சென்ட் மனை என்றால் 2178 சதுர அடி. இரண்டடி உயர்த்த 43 யூனிட்டுக்கு மேல் வேண்டும். மிதித்து இறுகியபின் அளவு குறையும் என்பதால் இன்னும் கூடுதலாகவே வாங்க வேண்டியிருக்கும். அத்தனையையும் ஒரே நாளில் கொட்டி மேலே ஜேசிபியை ஓட்டினால் மேல்பக்கம் மட்டும்தான் இறுகும். முக்கால் அடிக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்ட வேண்டும். எவ்வளவு நன்றாக இறுக்கினாலும் தூண் குழி கொட்டிய மண்ணைத் தாண்டி இயல்பான நிலத்தில்தான் போய் உட்கார வேண்டும். பென்னாகரம் பக்கம் சரிவில் வெட்டியும் நிரப்பியும் கட்டுபவர்கள் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. வரும் மண்ணுக்கு அனுமதியும், வண்டியில் ஏற்றிச் செல்வதற்கான நடைச்சீட்டும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். செடி வளர்ந்த மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வையுங்கள், தோட்டத்துக்கு ஆகும்.

சாலையோரம் தோண்டுகிறவர்களுக்கு: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதிலிருந்து நம் இரு மாவட்டங்களிலும் ஊர் ஊராகக் குழாய்கள் மண்ணுக்கடியில் போகின்றன. பஞ்சாயத்தில் குழாய் ஆபரேட்டரைக் கூப்பிட்டு எங்கே போகிறது என்று கேட்டு, சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுத் தோண்டுங்கள்.

ஐந்தடிக்கு மேல் ஆழமான குழியில், பக்கவாட்டில் முட்டுக் கொடுக்காமல் எவரையும் இறங்கவிடாதீர்கள். எடுத்த மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது, ஐந்தடியாவது தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தால் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் தோண்டாமல் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்ததும் குழியைச் சுற்றிக் கயிறோ முள்வேலியோ கட்டாமல் போகக் கூடாது. தெருப் பிள்ளைகள் விளையாட வருவார்கள். இதற்கெல்லாம் சம்மதிக்காத ஒப்பந்ததாரர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், வண்டி மனையில் நிற்கும்போதே ஒரு டேங்கர் தண்ணீரை வீடு வரப்போகும் இடத்தில் திறந்துவிடச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரரும் பக்கத்தில் நிற்கட்டும். எங்காவது தேங்கினால் அப்போதே அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

வணக்கம்.