கயிறு கட்டும் நாள்

வணக்கம் நேயர்களே. ஜப்பானில் இருந்தேன் என்று சொன்னால் போதும், "செர்ரி பூக்கிற சமயத்தில் தோட்டத்துக்குப் போனீர்களா?" என்று கேட்டுவிடுவார்கள். போனேன், நல்ல கூட்டம். அதற்கு அப்புறம் வருகிறேன். நான்கு பருவத்தையும் சொல்வதாக ஒப்புக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஆனால் முதலில் கயிற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

ஊர் கனசவா. ஜப்பானின் மேற்குக் கரையில் இருக்கிறது. தோட்டத்தின் பெயர் கென்ரோகுஎன். மாயேதா என்ற பிரபுக் குடும்பம் தன் கோட்டைக்கு எதிரே தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. நம் கணக்கில் சுமார் 28 ஏக்கர். 1874இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வேலை நிமித்தம் மூன்று வருடம் அந்த ஊரில் இருந்தேன். விடியற்காலையில் சீட்டு வாங்காமலே உள்ளே விடுவார்கள் என்று தெரிந்ததும் என் காலை நடை அங்கேதான் என்று ஆகிவிட்டது.

முதல் வருடம், நவம்பர் 1. குளக்கரையில் கராசாகி என்று ஒரு பெரிய பைன் மரம். பதின்மூன்றாம் பிரபு நரியாசு, பிவா ஏரிக்கரையில் இருக்கும் கராசாகியிலிருந்து விதை தருவித்து வளர்த்தது. அன்று பார்த்தால், மரத்துக்கு நடுவே உயரமான கம்பங்கள் நிற்கின்றன. ஒன்றின் உச்சியில் ஒரு தோட்டக்காரர், கையில் வைக்கோல் கயிறு. ஒவ்வொன்றாகக் கீழே வீசுகிறார். கீழே நிற்பவர்கள் பிடித்துக் கிளைகளில் கட்டுகிறார்கள். விரித்த குடையில் துணியை உரித்துவிட்டுக் கம்பிகளை மட்டும் பார்த்த மாதிரி இருந்தது. ஏதோ திருவிழா அலங்காரம் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற பெரியவரிடம் "விளக்கு எப்போது போடுவார்கள்?" என்று கேட்டே விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு கையைக் கிளை மாதிரி நீட்டினார். இன்னொரு கையால் அதை அழுத்தினார். நீட்டிய கை மெல்லத் தாழ்ந்து தாழ்ந்து, சட்டென்று தொங்கிவிட்டது. "யுகி" என்றார். யுகி என்றால் வானிலிருந்து கொட்டும் வெண்பனி.

சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. அதனால் அந்த ஊர்ப் பனி பஞ்சு மாதிரி பறக்காது, நனைத்த போர்வை மாதிரி கனக்கும். மற்ற மரங்கள் இலையை உதிர்த்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும். பைன் உதிர்க்காது, அதன் ஊசி இலைகள் அத்தனை பனியையும் ஏந்திக்கொள்ளும். நம் ஊரில் காற்றுக்குப் பயந்து வாழைக்குக் கீழிருந்து முட்டுக் கொடுக்கிறோம் அல்லவா? அவர்கள் மேலிருந்தும் பிடிக்கிறார்கள். இந்த ஒரு மரத்துக்கே ஏறக்குறைய 800 கயிறு. ஆமாம், எண்ணூறு. மார்ச் நடுவில் அவிழ்க்கத் தொடங்குவார்கள். நவம்பர் 1 வந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த வேலைக்குப் பெயர் யுகித்சுரி.

பிப்ரவரியில் ஒரு காலை, குளம் பாதி உறைந்திருந்தது. கிளையிலிருந்து பனி சரிந்து 'தொப்' என்று விழுந்தது. அந்தக் கிளையின் கயிறு மட்டும் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கால் மரத்துப்போனது வேறு விஷயம்.

சரி, தண்ணீர். அகலம் இருந்தால் தனிமை இருக்காது, மனிதக் கை பட்டால் பழமை தெரியாது, தண்ணீர் நிறைய இருந்தால் தொலைதூரக் காட்சி கிடைக்காது. தோட்டக்கலையைப் பற்றிய பழைய சீன வழக்கு இது. இந்த ஆறு குணங்களும் ஒன்றாக அமைந்த இடம் என்பதுதான் கென்ரோகுஎன் என்ற பெயரின் பொருள். தோட்டம் இருப்பதோ மேட்டில், அங்கே தண்ணீர் எப்படி? 1632இல் சாய் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து சுமார் 11 கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டினார்கள். கோட்டைக்காக வெட்டியது, தோட்டத்துக்கும் உதவியது. மேல் குளத்துத் தண்ணீர் கீழே ஒரு நீரூற்றாகப் பீறிடுகிறது, ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம். மோட்டார் கிடையாது. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை உயர்த்தினால் மறுமுனையில் தண்ணீர் வெளியே வருமே, அதேதான்.

குளக்கரையில் இரண்டு கால் கல்விளக்கு ஒன்று உண்டு. ஒரு கால் தண்ணீரில் நிற்கும், குட்டையான மறுகால் கரைக் கல்லின் மேல். கோட்டோ என்ற தந்தி வாத்தியத்தின் குதிரை மாதிரி இருப்பதால் கோட்டோஜி என்று பெயர். வீணையிலும் தந்தி ஏறி நிற்கும் பகுதியைக் குதிரை என்றுதானே சொல்கிறோம்! எல்லோரும் படம் எடுக்கும் இடம் அது. வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும்.

வசந்தம். செர்ரிக் கூட்டம் கலைந்த பிறகு போங்கள் என்பேன். ஏப்ரல் கடைசியில் கிக்குசகுரா என்ற செர்ரி வகை பூக்கும், ஒரே பூவில் 300க்கு மேல் இதழ். மொட்டில் கருஞ்சிவப்பு, போகப் போக வெளுக்கும். மே மாதம் வளைந்தோடும் ஓடைக்கரை முழுக்க நீல ஐரிஸ் பூக்கள். விடியலில் அவை மலரும்போது 'பொன்' என்று சத்தம் கேட்கும் என்பார்கள். நானும் காதைத் தீட்டிக்கொண்டு போனேன். தவளைதான் கேட்டது.

கோடையில் பாசி, நிழல், கொசு. அவ்வளவே சொல்கிறேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று விரல் காட்டிவிட்டார்கள்.

இலையுதிர்காலத்துக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருந்தேன். போச்சு. யமசாகியாமா என்ற சிறு மேட்டில் மேப்பிள் சிவந்து நிற்கும். அங்கிருந்து இறங்கிக் குளத்துப் பக்கம் நடந்தால், அதே வாரங்களில் யாராவது ஒருவர் கம்பத்தின் உச்சியில் கயிற்றுக் கட்டோடு உட்கார்ந்திருப்பார். வணக்கம்.