கொக்கு சும்மா நிற்கவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘இலக்கியத்தைச் சுவைக்கச் சொற்பொருள் போதுமா, குறிப்பும் தெரிய வேண்டுமா?’ என்பது தலைப்பு. குறிப்பு என்றால், சொல்லாமல் உணர்த்தும் பொருள். குறிப்பும் தெரிந்தே ஆகவேண்டும் என்று வழக்காட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, “பாட்டில் கொக்கு வந்தால் அது கொக்குதான், மற்றதெல்லாம் உரைகாரர்கள் ஏற்றிவைத்த சுமை” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். சரி தம்பி, ஒரு கொக்கையே பார்த்துவிடுவோம்.

குறுந்தொகை 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது. ஐந்தே அடி.

“யாரும் இல்லை; தானே கள்வன்;
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ?
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.”

காதலித்தவன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறான். அவள் தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னோடு கூடிய அன்றைக்கு அங்கே யாரும் இல்லையடி, அந்தத் திருடனைத் தவிர. அவனே இல்லையென்று சாதித்துவிட்டால் நான் என்ன செய்வேன்? ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும், அதாவது ஒரு கொக்கும், நின்றது.

சொற்பொருள் இதோடு முடிந்தது. இனிமேல்தான் பாட்டே இருக்கிறது.

வரப்போரம் கொக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணைத் தண்ணீரைவிட்டு எடுக்காமல் நிற்கும். அவளுக்கு வாய்த்த ஒரே சாட்சி அதுதான். வாயில்லாத சாட்சி, அதுவும் மீனையே பார்த்துக்கொண்டிருந்த சாட்சி! ‘குருகும்’ என்கிறாளே, அந்த ‘உம்’மைக் கேளுங்கள். சாட்சிக்கு ஆள் தேடித் தேடிக் கடைசியில் ஒரு பறவையைப் பிடித்துக்கொள்கிறவளின் குரல் அது.

இன்னும் இருக்கிறது. மீன் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து, வந்ததும் கொத்திக்கொண்டு போய்விடுவது கொக்கின் இயல்பு. அவன் செய்ததும் அதுதானோ என்ற பயத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. இன்னும் அவனைத்தான் நம்பியிருக்கிறாள், எப்படிச் சொல்வாள்? சொல்ல முடியாததைக் கொக்கிடம் கொடுத்துவிட்டாள். அதைச் சுமை என்று தள்ளினால் அவள் பேச்சில் பாதியை நாம் கேட்கவே இல்லை. இத்தனை கலக்கத்திலும் அதன் கால் தினைத்தாள் போலப் பச்சையாக இருந்ததை நினைவில் வைத்திருக்கிறாளே! அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

உரைகாரர்கள் வருவதற்கு முன்பே தொல்காப்பியம் இதற்கு, சொல்லுக்குள் மறைந்து நிற்கும் ஒப்புமை என்ற பொருளில், ‘உள்ளுறை உவமம்’ என்று பெயர் வைத்துவிட்டது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களே, அதாவது அந்தந்த நிலத்துக்குரிய பறவை, விலங்கு, மரம் போன்றவையே, அதற்கு இடம் என்று சொல்லும் நூற்பா ‘குறியறிந்தோரே’, அதாவது குறிப்பு அறிந்தவர்கள், என்று முடிகிறது.

பழம்பாட்டோடு போகிற சங்கதியும் இல்லை இது. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தில், சீதை தீக்குளித்ததைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். இராமன் கால்தூசி பட்டு அவள் பெண்ணான பழங்கதை தெரியாதவருக்கு அது வெறும் கல். தன்னை மீட்டவனா மனைவியைத் தீயில் இறங்கச் சொன்னான் என்று அவள் இடிந்துபோனது, கதை தெரிந்தவருக்குத்தான் உறைக்கும்.

நடுவர் அவர்களே, கொக்கு வெறும் கொக்குதான் என்றால் எடுத்துவிடலாமே. பின் மூன்று அடிகளை விட்டுவிட்டு எதிரணித் தம்பி அந்தப் பாட்டை இங்கே ஒருமுறை படித்துக் காட்டட்டும். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.