பைமால் அனிமேஷனில் மறைத்த சங்கிலி ஏன் முதலிலிருந்தே காணவில்லை? சந்தேகங்களுக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் அனுப்பிய கேள்வி நான்கு நாட்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. கருத்தரங்கில் காட்டுவதற்காக, மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட கொலாஜன் என்ற புரதத்தின் சிறு துண்டான பெப்டைடு ஒன்றின் அனிமேஷனை அவர், மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமால் என்ற மென்பொருளில் 120 ஃபிரேம்களுக்கு அமைத்திருக்கிறார். 1-ஆம் ஃபிரேமிலும் 61-ஆம் ஃபிரேமிலும் ‘எம்வியூ ஸ்டோர்’ கட்டளை கொடுத்து, இடையில் ஏ, பி, சி என்ற மூன்று சங்கிலிகளில் பி, சி இரண்டையும் மறைத்திருக்கிறார். ஓட்டிப் பார்த்தால் அவ்விரண்டும் தொடக்கத்திலிருந்தே இல்லை. எங்கே தவறு என்று கேட்கிறார்.

அவர் கொடுத்த கட்டளை கேமராவின் நிலையை மட்டுமே பதிந்துகொள்கிறது. எது தெரிகிறது, எது மறைந்திருக்கிறது என்பதை அது பதிவதில்லை. அதைப் பதிவது ‘சீன்’, அதாவது திரையில் தெரியும் காட்சியை அப்படியே சேமிக்கும் வசதி. முதலில் மூன்று சங்கிலிகளும் தெரியும் நிலையை ஒரு சீனாகவும், ஒன்று மட்டும் தெரியும் நிலையை மற்றொரு சீனாகவும் சேமித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஃபிரேமோடு இணைத்து ‘எம்வியூ ஸ்டோர்’ கொடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் சீன் மாறுவது 61-ஆம் ஃபிரேமில் நிகழாது. சீன் எந்த இடத்தில் மாற வேண்டும் என்பதைச் சொல்லும் ‘கட்’ என்ற அளவு இயல்பாக 0.5 என்றிருப்பதால், இரண்டு ஃபிரேம்களுக்கும் நடுவழியில், கேமரா திரும்பிக்கொண்டிருக்கும்போதே சங்கிலிகள் சட்டென்று போய்விடும்.

இந்தச் ‘சட்டென்று’ என்பதுதான் என்னை உறுத்துகிறது. முந்தைய பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு நம் மலை ரயில் உதாரணம் நினைவிருக்கும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ரயில் குகைக்குள் நுழைவதைப் பார்த்தவர், அது உள்ளேதான் இருக்கிறது என்று அறிந்து மறுபக்கம் பார்த்துக் காத்திருப்பார். நுழைந்ததைப் பார்க்காதவருக்கு அங்கே இருப்பது வெறும் தண்டவாளம்தான். மறைவதைப் பார்வையாளர் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஊட்டியில் ஒரு வகுப்பில் இதே கொலாஜனை இதே முறையில் காட்டினேன். முடிந்ததும் முன்வரிசை மாணவர் ஒருவர், “ஐயா, கொலாஜன் ஒற்றை இழையா?” என்று கேட்டார். குறிப்பேட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில் இரண்டு இழைகள் போயிருந்தன. 1954-இல் சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்த முவ்விழை அமைப்பை நம் பிள்ளைகளுக்கே ஒற்றை இழையாகக் காட்டிவிட்டேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

ஆகவே, ‘எப்படி மறைப்பது’ என்பதைவிட ‘எந்த அளவுக்கு மறைப்பது’ என்று அந்த மாணவி கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். அவர் எடுத்துக்கொண்டது, புரதக் கட்டமைப்புத் தரவுத்தளத்தில் ‘1 சி ஏ ஜி’ என்ற குறியீடு கொண்ட, 1994-இல் வெளியான கட்டமைப்பு. கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன் என்ற அமினோ அமிலம் வருகிறது. அந்த இடம் முவ்விழையின் உட்புறம் பார்த்திருப்பதால், பக்கத்தொகுதியாக ஒரே ஒரு ஹைட்ரஜன் கொண்ட கிளைசீனுக்கு மட்டுமே அங்கே இடம் போதும். இந்தப் பெப்டைடில் நடுவே ஒரு கிளைசீனுக்குப் பதிலாக, அதைவிடச் சற்றுப் பெரிய அலனைன் உட்கார்ந்திருக்கிறது, அங்கே முறுக்கு சற்றுத் தளர்ந்திருக்கிறது. பி, சி சங்கிலிகளை முழுவதும் அகற்றிவிட்டு அலனைனை அருகில் காட்டினால், எதனோடு நெருக்குண்டு தளர்ந்தது என்பது யாருக்கும் புரியாது.

எனவே அவ்விரண்டு சங்கிலிகளையும் ‘எக்ஸ்ட்ராக்ட்’ கட்டளையால் தனிப் பொருளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நொடி, அதாவது 60 ஃபிரேம்கள், மூன்றும் முழுமையாகத் தெரியட்டும். அடுத்த 30 ஃபிரேம்களில், ஒவ்வொரு ஃபிரேமுக்கும், குறிப்பிட்ட ஃபிரேமில் ஒரு கட்டளையை இயக்கும் ‘எம்டூ’ வழியாக, அந்தப் பொருளின் ‘கார்ட்டூன் டிரான்ஸ்பரன்சி’ எனும் ஒளிபுகும் அளவை (0 என்றால் முழுதும் தெரியும், 1 என்றால் முழுதும் மறையும்) சிறிது சிறிதாகக் கூட்டி 0.8-இல் நிறுத்துங்கள், 1 வரை கொண்டுபோக வேண்டாம். பனி இறங்கும்போது தொட்டபெட்டாவின் விளிம்பு மட்டும் தெரிவதுபோல அவை மங்கலாக நிற்க, அவற்றுக்கிடையே அலனைன் தெளிவாகத் தெரியும். 30 வரிகளையும் கையால் எழுதத் தேவையில்லை, பைத்தானில் ஒரு சிறு சுழற்சி போதும். 1-ஆம் ஃபிரேமுக்கும் அந்த அளவைப் பூஜ்யம் என்று ஒரு ‘எம்டூ’ எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் மேடையில் இரண்டாம் முறை ஓட்டும்போது சங்கிலிகள் மங்கிய நிலையிலேயே தொடங்கும்.