கரடிக்கும் அக்குள் உண்டு

வணக்கம் நேயர்களே. பிள்ளைகளுக்கு வேட உடை தைப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். நான் தையல் கடை வைத்தவள் இல்லை, தையல் வகுப்புக்கும் போனதில்லை. வீட்டில் அம்மாவின் பழைய கால்மிஷின் ஒன்று இருக்கிறது. இரண்டு வீடு தள்ளி அண்ணன் தம்பி பிள்ளைகள் ஐந்து பேர் இருக்கிறார்கள். அத்தை என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தால் வேலை வைக்காமல் விடுவார்களா? ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் வந்து நின்று, "அத்தை, நாளைக்கு மாறுவேடப் போட்டி" என்பார்கள். பதினான்கு வருடமாக இதுதான் நடக்கிறது. கிருஷ்ணன், வவ்வால், மயில், கத்தரிக்காய், பாரதியார் மூன்று தடவை.

ஆனால் நான் வேட உடையைப் பற்றிக் கற்றுக்கொண்டது பிள்ளைகளிடம் இல்லை, ஒரு கரடியிடம். எங்களுக்கு உடன்குடிப் பக்கம். குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் விரதம் இருந்து, கொடி ஏறியதும் கையில் காப்புக் கட்டிக்கொண்டு வேடம் போடுவார்கள். காளி, ராஜா, குரங்கு, கரடி, போலீஸ், பிச்சைக்காரர், இன்னும் சேலை கட்டி ஜடை பின்னிய மீசைக்கார மாமாக்கள் என்று ஊரே வேறு ஊராகிவிடும். அந்த வேடத்தோடு வீடு வீடாக, ஊர் ஊராக நடந்து காணிக்கை வாங்கிக் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருடம் எங்கள் சித்தப்பா கரடி வேடம் போட்டார். அம்மாதான் தைத்தாள். கறுப்புத் துணியில் சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, சணல் சாக்கைப் பிரித்துக் கறுப்புச் சாயத்தில் முக்கிய நாரைக் கீழ்வரிசையில் தொடங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி மேலே வரைக்கும் வைத்துத் தைத்தாள், ஓலைக்கூரை வேய்வதுபோல. எல்லாம் முடிந்து சித்தப்பா அதைப் போட்டுக்கொண்டு கரடி மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். டர்ரென்று கிழிந்தது. நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "கரடிக்கும் அக்குள் உண்டும்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உள்ளங்கை அளவுக்கு ஒரு சாய்சதுரத் துண்டு வெட்டி இரண்டு அக்குளிலும் வைத்துத் தைத்தாள். அதற்கப்புறம் சித்தப்பா அத்தனை நாளும் அந்த உடையோடு நடந்தார், குனிந்தார், ஆடினார், அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மோர் குடித்தார். ஒரு தையல்கூட விடவில்லை.

இவ்வளவும் கண்ணால் பார்த்தவள், முதன்முதலில் நானே தைத்தபோது எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். பெரியவனுக்கு அப்போது மூன்று வயது. கோகுலாஷ்டமிக்குக் கிருஷ்ணன் வேடம். மஞ்சள் சாட்டின் இரண்டு மீட்டர், அரக்கு பார்டர். பெரியவர்களுக்குக் கட்டுவதுபோலவே பஞ்சகச்சம் கட்டி, அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் அங்கங்கே தையலும் போட்டு, இடுப்பில் ஊக்கு குத்தி, அதன்மேல் ஒட்டியாணமும் மாட்டினேன். படத்தில் பார்த்தால் அச்சு அசல் கண்ணன். மண்டபத்தில் அரைமணி நேரம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். அப்புறம் என் காதில் வந்து, "அத்தை, ஒண்ணுக்கு." ஒட்டியாணம் கழன்றது, ஊக்கு கழன்றது, தையலைப் பல்லால் கடித்துப் பார்த்தேன், ம்ஹூம். மீதியை நான் வானொலியில் சொல்ல முடியாது. புல்லாங்குழலைக் கையில் பிடித்துக்கொண்டு ஜட்டியோடு வீட்டுக்கு வந்தார் கண்ணபிரான்.

இப்போது நான் தைக்கிற பஞ்சகச்சம் உண்மையில் ஒரு பைஜாமாதான். தொளதொளவென்று வெட்டி, இடுப்பில் எலாஸ்டிக் கோத்து, முன்னால் ஒரு கொசுவமும் பின்னால் ஒரு கொசுவமும் பட்டியில் மட்டும் பிடித்துத் தைத்துத் தொங்க விட்டுவிடுவேன். எலாஸ்டிக்கை இடுப்பளவைவிட இரண்டு அங்குலம் குறைத்து வெட்டினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் வயிற்றில் வரி விழும். சீடையும் பாயசமும் இருக்கிற நாளில் அது பாவம்.

அளவெடுக்க நான் டேப்பை அதிகம் எடுப்பதில்லை. பிள்ளையின் நல்ல சட்டை ஒன்றைத் துணிமேல் விரித்து, சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டு வரைந்துகொள்வேன், அவ்வளவுதான். ஆனால் கழுத்திலிருந்து கால்வரை ஒரே உடையாக வருகிற மிருக வேடத்துக்கு மட்டும் ஒரு அளவு கண்டிப்பாக வேண்டும். தோளில் டேப்பை வைத்து முன்பக்கமாக இறக்கி, கால் நடுவே கொண்டுபோய், முதுகு வழியாகத் திரும்ப அதே தோளுக்குக் கொண்டுவர வேண்டும். அதோடு நாலு அங்குலம் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் நிற்கும்போது சரியாக இருக்கும், உட்காரும்போது புலி கத்தும்.

ராணி, தேவதை என்று பெண் பிள்ளைகள் கேட்கிற சுழல் பாவாடை, அதாவது கடைக்காரர்கள் அம்பர்லா என்கிறார்களே அது, பார்க்கத்தான் பெரிய வேலை. இடுப்பளவை 6.28 ஆல் வகுங்கள். 22 அங்குல இடுப்பென்றால் மூன்றரை வரும். துணியை நாலாக மடித்து, மடிப்புகள் சேருகிற மூலையிலிருந்து அந்த அளவில் வளைவு போட்டு வெட்ட வேண்டியதுதான். நான் மூன்றிலேயே வெட்டுவேன், ஏனென்றால் வளைந்த ஓரம் இழுபட்டு விரியும், தையலுக்கும் கொஞ்சம் போகும். 44 அங்குல அகலத் துணி ஒன்றேகால் மீட்டர் வாங்கினால் 19 அங்குல உயரப் பாவாடை கிடைக்கும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தாராளம். அந்த 6.28, வட்டக் கணக்கில் ‘பை’ என்பார்களே 3.14, அதன் இரட்டிப்புதான். கணக்கு வாத்தியாரிடம் அந்தப் ‘பை’யால் நான் வாங்கிய அடிக்கெல்லாம் இந்தப் பாவாடையில்தான் வட்டியோடு வரவு வந்தது.

துணி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. சாட்டின் மினுங்கும், விலை குறைவு, எல்லாம் சரி. ஆனால் நம் ஊர் வெயிலில் அதை வெறும் உடம்பில் போட்டால் பிள்ளை வெந்துபோகும், உள்ளே பழைய வேட்டித் துணியில் லைனிங் கொடுத்துவிடுங்கள். நெட் துணி குத்தும், அதற்கும் அதுதான். சாட்டின் ஓரம் பிரிந்துகொண்டே போகும், ஊதுபத்தி நுனியால் லேசாகத் தடவினால் உருகி ஒட்டிக்கொள்ளும். அது இவ்வளவு சுலபமாக உருகுகிறது என்பதையும் மனதில் வையுங்கள், குத்துவிளக்குப் பக்கம் இந்த வேடங்களோடு பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். தீப்பட்டால் தோலோடு ஒட்டும். அதேபோல் முதுகில் தொங்குகிற அங்கிக்குக் கழுத்தில் நாடா முடிச்சு வேண்டாம், வெல்க்ரோ வையுங்கள். மரத்திலோ கேட்டிலோ மாட்டினால் தானாகப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வெல்வெட் வாங்கினால் கையால் தடவிப் பாருங்கள், ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் சொரசொரப்பு. எல்லாத் துண்டையும் ஒரே பக்கமாக வைத்து வெட்டாவிட்டால் ஒரு கை கறுப்பாகவும் மறுகை சாம்பலாகவும் தெரியும். எனக்கு ஒரு ராஜா அப்படி ஆனார்.

மற்றதெல்லாம் வீட்டுப் பரணில் இருக்கிறது. வவ்வாலுக்கு உடைந்த கறுப்புக் குடை போதும். எட்டுத் துண்டுக் குடையை நாலு நாலாகப் பிரித்தால் இரண்டு சிறகு, கம்பியோடு சேர்த்து முழுக்கைச் சட்டையில் கைத்தையல். கம்பி நுனியில் துணி உருண்டை வைத்துக் கட்ட மறக்காதீர்கள், நான் மறந்து பக்கத்து வீட்டுப் பையன் கன்னத்தில் கோடு விழுந்தது. பாரதியார் கோட்டில் உள்மடிப்பு இரண்டு அங்குலம் விட்டிருந்தேன், பிரித்துப் பிரித்து மூன்று பிள்ளைகள் போட்டார்கள். முண்டாசைப் பழைய தொப்பிமேல் சுற்றி நாலு இடத்தில் தைத்துவிட்டால் மேடையில் அவிழாது.

மயில் கதையைச் சொல்லாமல் விட முடியாது. பள்ளியில் தலைவர் வேடம் கேட்டிருந்தார்கள். தம்பி, வேலு நாச்சியார் போடலாம் என்றான். அவன் மகள், ஐந்து வயது, மயில்தான் என்றாள். "ஆண் மயிலுக்குத்தானடி தோகை" என்றான். "தசராவுல மாமாங்க சேலை கட்டலையா?" என்று கேட்டாள். அதற்கு மேல் யார் பேசுவது? மடிப்பில் இற்றுப்போன அம்மாவின் மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையைக் கொசுவி முதுகில் வைத்து, ரவிக்கைத் துண்டுகளில் கண் வெட்டி ஒட்டி, சேலையின் இரண்டு மூலையிலும் நாடா வளையம் வைத்து மணிக்கட்டில் மாட்டிவிட்டேன். கையை விரித்தால் தோகை விரியும், இறக்கினால் மடியும். பரிசு வரவில்லை. வாடகைக் கடையிலிருந்து வந்த மினுமினு ராணிக்குப் போனது. எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு தடவைகூடப் பரிசு வந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு எடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை, இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் என்ன செய்வார்கள். ஆனால் அந்த ராணி அன்றைக்கு மத்தியானமே கடைக்குத் திரும்பிவிட்டாள். எங்கள் மயில் மூன்று மாதம் கடைக்குப் போனது, தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றது, ஒருநாள் தோகையோடு தூங்கியது. பட்டு நைந்து நூலாகிற வரை விடவில்லை.

இப்போது மிஷினில் கிடப்பது கடைசிப் பொடியனின் வேலை. நாலு வயது. கிருஷ்ணன் வேண்டாமாம், பாரதியார் வேண்டாமாம், ஜேசிபி ஆகணுமாம். சரி என்று மஞ்சள் பாப்ளின் வாங்கிவிட்டேன். கை ஒன்றும் கஷ்டமில்லை, நீளமான சட்டைக்கை, நுனியில் கறுப்பு ரெக்ஸினில் அள்ளுகிற தொட்டி, உள்ளே கையுறை. முழங்கை மடங்குவது அவன் முழங்கையே. நேற்றுப் போட்டுப் பார்த்து வாசல் மணலை அள்ளிவிட்டு வந்து, "அத்தை, முன்னாடி இருக்கிற பெரிய தொட்டி எங்கே?" என்கிறான். அட்டையில் செய்து இடுப்பில் கட்டினால் உட்காரும்போது முழங்காலில் இடிக்கிறது. கழுத்தில் தொங்கவிட நான் சம்மதிக்க மாட்டேன். நேயர்களில் யாருக்காவது யோசனை தோன்றினால் நிலையத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள், கொஞ்சம் சீக்கிரமாக. போட்டி வருகிற வெள்ளிக்கிழமை. வணக்கம்.