மாறாத பெயர் வையுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூர், ஈரோடு வட்டாரத்துச் சிறு நிறுவனங்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். முகப்புப் படம் எப்படி இருக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசும் முதலாளிகள், கோப்புகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று கேட்டால், "அது உங்கள் பாடு" என்று எழுந்துவிடுவார்கள். அது அவர்கள் பாடும்தான்.

அலுவலகக் கணினியில் ஒரு கோப்பை இடம் மாற்றினால் தேடி அலைவது நாம் மட்டுமே. இணையதளத்தில் கோப்புறையின் பெயரும் கோப்பின் பெயரும் சேர்ந்தே பெரும்பாலும் முகவரியாகின்றன. உங்கள் விலைப்பட்டியலின் முகவரியை ஜெர்மனியில் ஒரு கொள்முதல்காரர் குறித்து வைத்திருக்கலாம். தேடுபொறியும் பதிந்து வைத்திருக்கும். நீங்கள் ஒரு கோப்புறையின் பெயரைத் திருத்தினால், அவர்கள் திரையில் 404 என்ற எண், அதாவது 'அந்தப் பக்கம் இல்லை' என்ற அறிவிப்பு, வந்து நிற்கும்.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இதை எழுதிவிட்டார். பின்னாளில் மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் வைக்காதீர்கள் என்பது அவர் வாதம். நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. காங்கேயமும் தாராபுரமும் 2009 வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தன. திருப்பூர் மாவட்டம் பிறந்ததும் அங்கே போய்விட்டன. காங்கேயம் காளை பற்றிய பக்கங்களை ஈரோடு என்ற கோப்புறைக்குள் ஒருவர் அன்று வைத்திருந்தால், அரசாணை வந்த நாளில் அவர் முகவரிகள் அத்தனையும் பொய்யாகியிருக்கும். காங்கேயம் என்றே பெயர் வைத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. மாவட்டம் மாறும், பருவம் மாறும், கோப்பைப் போட்ட ஊழியர் வேலையை விட்டுப் போவார். 'புதிது' என்ற கோப்புறையோ ஆறே மாதத்தில் பழையதாகும். பனியன், ஜமக்காளம், போர்வை என்று பொருளின் பெயரை வையுங்கள், அது நிலைக்கும்.

அடுத்து எழுத்து. விண்டோஸ் கணினி கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பொதுவாக வேறுபாடு பார்ப்பதில்லை. இணையதளங்களை வைத்திருக்கும் கணினிகளான சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. அது கறாராகப் பார்க்கும். கேமரா தரும் படங்களின் பெயர் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் அதே பெயரைச் சிறிய எழுத்தில் குறித்திருந்தால், அலுவலகத்தில் தெரிந்த படம் சர்வரில் ஏற்றியதும் காணாமல் போகும். எல்லாமே சிறிய எழுத்து, சொற்களுக்கு நடுவே சிறு கோடு, இடைவெளி கூடாது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் இந்த வம்பு இல்லை.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம், வேலை செய்யும். ஆனால் 'மஞ்சள்' என்ற பெயருள்ள முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது, அந்த ஒரு சொல் விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து 54 குறிகளாக நீளக்கூடும். தமிழ்ப்பற்று எனக்கும் உண்டு. ஆனாலும் பக்கத்துக்குள் தமிழும் கோப்பின் பெயரில் ஆங்கில எழுத்தும் போதும் என்பதே என் கட்சி.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுபவர்கள். நாம் ஏப்ரல் 3 என்பதை 3-4 என்று எழுதினால் அவர்கள் மார்ச் 4 என்று படிப்பார்கள். ஆண்டு முன்னால் வந்தால் கோப்புகளும் கால வரிசையில் தாமாகவே நிற்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறொன்று. மாற்றம் செய்யுமுன் பழைய தளத்தையே சுருக்கி, 'ஓல்டு', 'பேக்கப்' என்று ஒரு ஜிப் கோப்பாக அதே பொதுக் கோப்புறையில் போட்டுவிடுவது பலருக்குப் பழக்கம். பெயரை ஊகிக்கிற எவரும் அதைப் பதிவிறக்கலாம். உள்ளே தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருக்கக்கூடும். தேடுபொறிகளைத் தடுக்கும் ரோபாட்ஸ் கோப்பில் அந்த இடத்தைக் குறித்துவிட்டோம் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். திருடனுக்கு நாமே வழி எழுதிக் கொடுத்தது போலாகும். காப்புப் பிரதி சர்வரின் பொதுக் கோப்புறைக்கு வெளியே, முடிந்தால் வேறு இடத்திலேயே இருக்கட்டும்.

ஏற்கெனவே தாறுமாறாகக் கிடக்கும் தளத்தை என்ன செய்வது? ஒரே இரவில் கலைத்து அடுக்காதீர்கள். பழைய முகவரி, புதிய முகவரி என்று முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கோப்புறையாக மாற்றி, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 என்ற நிரந்தரத் திசைமாற்றத்தைச் சர்வரில் அமைக்கச் சொல்லுங்கள். தேடுபொறிகளும் அதைப் புரிந்துகொண்டு தங்கள் பதிவைத் திருத்திக்கொள்ளும். அந்தத் திசைமாற்றத்தைச் சில மாதங்களில் எடுத்துவிட வேண்டாம். பழைய மின்னஞ்சல்களைத் திறந்து பார்க்கும் வாடிக்கையாளர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். நன்றி, வணக்கம்.